புரியாத படத்துக்கு நான் பொறுப்பு

தியேட்டர் மேனேஜர் வேலையில் ஒரு சங்கடம் உண்டு: படம் எடுத்தவர் எங்கோ நிம்மதியாக இருப்பார், பார்த்தவர்கள் வந்து நம் சட்டையைப் பிடிப்பார்கள். பிடித்த இயக்குநரை நம்பி முதல் காட்சிக்கு ஓடி, திருதிருவென்று விழித்துத் திரும்பிய அனைவரும் என் உறவுக்காரர்களே.

நானே வாங்கிய வம்பு

மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் எங்கள் பழைய தியேட்டருக்கு அந்தக் கோணங்கி இயக்குநரின் புதுப் படத்தைக் கேட்டு வாங்கியவன் நான்தான். அவருடைய முதல் படம் வந்தபோது எனக்கு வேலை போயிருந்தது. அந்த நிலையிலும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த நன்றி இன்னும் மனதில் இருக்கிறது. புதுப் படத்திலோ கதாநாயகன் ஒரு ஃப்ரிட்ஜுக்குத் தாலி கட்டுகிறான். பிற்பாதியில் விவாகரத்து வழக்கு. நீதிபதி கிணற்றுக்குள் இறங்கித் தீர்ப்புச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை முதல் காட்சியில், இதோ சிரிப்பு வரும் என்று காத்திருந்து ஏமாந்தேன்.

கடைசி வரிசையில் முதலாளி பாயும் உட்கார்ந்திருந்தார். ஜவுளிக் கடைக்காரர், பேச்சையும் அளந்துதான் கொடுப்பார். வெளியே வந்து நிதானமாகச் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம் மேனேஜர். தேறலைன்னா இனிமே எந்தப் படம் போடறதுன்னு நான் பாத்துக்கறேன், நீங்க சாவியைப் பாத்துக்குங்க.”

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் ஆறுதல்

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், நெற்றியில் திருமண்ணோடு எல்லாப் படத்துக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துவிடுவார். அன்று கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல. அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: “ஸார், அடியேனோட சிற்றறிவுக்கு ஒண்ணும் எட்டலை. ஆனா ஏசி திவ்யமா இருந்தது.”

திருவெறும்பூர் சந்தேகம்

மாலைக் காட்சிக்குத் திருவெறும்பூர்த் தொழிற்சாலை ஊழியர்கள் ஒரு கும்பலாக வந்தார்கள். முடிந்ததும் ஒருவர் நேரே என்னிடம் வந்து, ஆபரேட்டர் முற்பாதியையும் பிற்பாதியையும் மாற்றிப் போட்டுவிட்டார் என்று அடித்துச் சொன்னார். படமே அப்படித்தான் என்று நான் சத்தியம் செய்யாத குறை. அவர் பெருமூச்சு விட்டார்: “எங்க ஃபேக்டரில இப்படி அசெம்பிள் பண்ணா மெமோ குடுப்பாங்க. சினிமால அவார்டு குடுக்கறாங்க.”

சனிக்கிழமை மேட்னி

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆபரேட்டருக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. இப்போது படம் ஹார்டு டிஸ்க்கில் வருகிறது. இரண்டு பாதியையும் கம்ப்யூட்டரில் அவர்தான் வரிசைப்படுத்த வேண்டும். தவறைத் திருத்துவதாக நினைத்து, மறுநாள் மேட்னிக்குப் பிற்பாதியை முதலில் அடுக்கிவிட்டார். திரையில் எடுத்தவுடன் விவாகரத்து வழக்கு. மூச்சிரைக்க மாடி ஏறினேன். நிறுத்துவதற்கு ஆபரேட்டர் கையை நீட்டிய நேரம், கீழே சிரிப்புச் சத்தம். கல்யாணத்தைக் காட்டாமல் நேரே ஃப்ரிட்ஜோடு விவாகரத்து என்றதும் அத்தனை அபத்தத்துக்கும் உயிர் வந்துவிட்டது. அவர் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

படம் முடிகிறபோது வரும் ‘வணக்கம்’ கார்டை இடைவேளைக்கு முன்பே போட்டாயிற்று. யார் எழுந்து வந்து கேட்கப் போகிறார்களோ என்று வாசலிலேயே நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. படம் விட்டதும் ஒரு கல்லூரிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்: “அண்ணா, இன்டர்வலுக்கு அப்புறம் டைட்டில் போட்டாரு பாருங்க, அதெல்லாம் அவரால மட்டும்தான் முடியும்.”

பாய் சொன்ன தீர்ப்பு

அவளுக்குப் பின்னால் பாய், மனைவியோடு. மெல்ல நழுவப் பார்த்தேன். நேற்று முழுப் படத்தையும் பார்த்தவர் ஆயிற்றே. வண்டி ஸ்டாண்டில் ஜனங்கள் கிளம்ப மனமில்லாமல் நின்று படத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பாய் என்னைத் தனியே அழைத்தார்: “நேத்து எனக்குத்தான் புரியலையோன்னு இவளைக் கூட்டிட்டு வந்தேன். இவ இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த படமும் நீங்களே சொல்லுங்க மேனேஜர். ஆனா நாளைக்கும் பின்பாதியையே முதல்ல போடுங்க.”

படம் எப்படி இருந்தாலும் பார்க்க வருகிறவர்கள் நல்லவர்களாக இருந்துவிட்டால், மேனேஜர் எப்படியோ பிழைத்துக்கொள்கிறான்.