விதிப்படி மாட்டிய ஜெர்சி

அழுக்குத் துணியால் பொய் சொல்ல முடியாது. அதனால்தான் ஓர் அணி எப்படி நடத்தப்படுகிறது என்பதை அதன் பயிற்சியாளருக்கு முன்பே அதன் ஜெர்சியைத் துவைப்பவன் தெரிந்துகொள்கிறான். அமெரிக்காவின் தேசிய ரக்பி அணிக்கு நான் சில வருடங்கள் ஜெர்சி துவைத்தேன். மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்டு நின்று பழகிய தோழர்களுக்கு இந்த விளையாட்டை விளக்கவே வேண்டியதில்லை. பாதி ஆட்டம் அதுதான்.

முதலில் அநியாயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் நிர்வாகம் தப்பித்துக்கொள்ளும்.

ஒன்று: இந்த ஆட்டத்துக்குக் கூலி வாங்கக் கூடாது என்று ஒரு காலத்தில் விதியே இருந்தது. இரண்டு: தொண்ணூறுகளின் நடுவில் அந்த விதியை எடுத்தார்கள். இங்கிலாந்திலும் பிரான்சிலும் சம்பளம் வந்தது. இங்கே அதைப் பற்றிய பேச்சு மட்டும் வந்தது. மூன்று: சம்பளம் வராத இடத்துக்கும் வேலை நேரம் வந்துவிட்டது. முகாம், எடைப் பயிற்சி, ஓட்டச் சோதனை எல்லாம் தொழில்முறையில். அதைச் செய்தவர்கள் விடுப்பில் வந்த ஆசிரியர், தச்சர், தீயணைப்பு வீரர். நான்கு: வெளிநாட்டு கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடியவர்கள் மேட்ச் வாரத்தில் விமானத்தில் வந்து இறங்கினார்கள். வருடம் முழுக்க இங்கே மழையில் முட்டியவர்கள் பெஞ்சுக்குப் போனார்கள். ஐந்து: அந்தப் பெஞ்சில் விலி உட்கார்ந்திருந்தான். நான் எழுதுவது இந்த ஐந்தாவதைப் பற்றி.

மகளுக்கு வந்த நிம்மதி

அம்பத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் லேத் ஓட்டியவன் நான். எட்டாவதோடு பள்ளி நின்றது. மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். இரண்டு முறை வேலையைவிட்டுத் தூக்கினார்கள். இரண்டு முறையும் கோர்ட் ஏறி, அதே கேட் வழியாகத் திரும்ப உள்ளே போனேன். ஓய்வு பெற்றதும் மகள் கிரீன் கார்டு வாங்கித் தந்து சன்னிவேலுக்குக் கூட்டிவந்தாள். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அடுத்த வருடம் அது. அங்கே எனக்குக் கிடைத்த பதவி, வாக்கிங் போகும் அங்கிள்.

அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு எல் கமினோ ரியலில் ஒரு லாண்டரியில் சேர்ந்தேன். ரக்பி அணியின் துணி கான்ட்ராக்ட் அவர்களிடம் இருந்தது. முகாமுக்கும் மேட்சுக்கும் ஜெர்சிகளோடு ஓர் ஆளையும் அனுப்ப வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள். என் ஆங்கிலம் லேபர் கோர்ட்டில் கற்றது. அதில் ப்ளீஸ் கிடையாது. முதல் நாள் முடிந்து வந்து, இந்த ஆட்டத்தை நடத்தும் நிர்வாகத்துக்கே யூனியன் என்றுதான் பெயராம் என்று மகளிடம் பொருமினேன். அவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அப்பாடா! அப்ப நீங்க அங்க ஒண்ணும் ஸ்டார்ட் பண்ண வேண்டியதில்லப்பா."

இறுக்கமான சட்டை

கூலி இல்லாத காலத்து ஜெர்சி கெட்டிப் பருத்தி, காலர் வைத்தது. மழையில் நனைந்தால் ஈரச் சாக்கு மாதிரி கனக்கும், ஆனால் ஒரு மனிதன் தானே போட்டுத் தானே கழற்றலாம். தொழில்முறை வந்ததும் வழவழப்பான செயற்கைத் துணி வந்தது. எதிராளி கையில் பிடி கிடைக்கக் கூடாது என்பதற்காக உடம்போடு ஒட்டித் தைத்திருப்பார்கள். வியர்வை உடம்பில் அதை மாட்ட ஒருவர் மேலே பிடிக்க வேண்டும், இன்னொருவர் கீழே இழுக்க வேண்டும். முதுகில் எண் இருக்கும், பெயர் இருக்காது. அந்த எண்ணும் ஆளுக்கு உரியது அல்ல, நிற்கும் இடத்துக்கு உரியது. எங்கள் கம்பெனியில் மெஷினுக்கு எண் போட்ட மாதிரி.

விலியை அப்படித்தான் சந்தித்தேன். டோங்கா தீவில் பிறந்து சிறுவயதிலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டவன். சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. ஆட்டத்தில் அவன் முன்வரிசைக்காரன். இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்களே, ஸ்க்ரம் என்பார்கள், அதில் கழுத்தைக் கொடுக்கிற இடம். முதல் நாள் ஜெர்சி அவன் தோளில் சிக்கி, இரண்டு கையும் மேலே மாட்டிக்கொண்டு நின்றான். நானும் இன்னொருவரும் தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை. துணிக்குள்ளிருந்து அமைதியான குரல் வந்தது: "அங்கிள், இது சட்டையா, இல்ல என்னை அரெஸ்ட் பண்றீங்களா?"

ஆணி

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாட்டுக்காக ஒரு மேட்சில் களத்துக்குள் கால் வைத்தவனுக்குத் துணித் தொப்பி ஒன்று கொடுப்பார்கள், குஞ்சம் வைத்தது. கொடுக்கும்போது அவன் முழுப் பெயரையும் எல்லார் முன்னாலும் உரக்கப் படிப்பார்கள். ஒரு நிமிடம் ஆடினாலும் போதும். ஆனால் ஜெர்சி போட்டுக்கொண்டு பெஞ்சில் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் தொப்பி கிடையாது.

விலி கூலியில்லாக் காலத்திலேயே முகாமுக்கு வந்தவன். அவன் முறை வரும் சமயத்தில் சம்பளக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அவன் இடத்தில் ஆடியவன் டாமி. நியூஜெர்ஸிப் பையன், இங்கிலாந்தில் ஒரு கிளப்பில் பிழைப்பு. வாரம் முழுக்கப் பயிற்சியில் டாமியின் தோளுக்கு எதிரே விலி தோள் கொடுப்பான். மேட்ச் அன்று பதினேழாம் எண்ணைப் போட்டுக்கொண்டு உட்காருவான். நான் துவைக்க எடுக்கும்போது அந்த ஜெர்சியில் ஒரு பொட்டு மண் இருக்காது. ஒரு நாள் தாங்க முடியாமல், உனக்குக் கோபமே வராதா என்று கேட்டேன். சிரித்தான். "என் வீட்டுக்காரி தொப்பி மாட்டுறதுக்குன்னு சுவத்துல ஆணி அடிச்சு வச்சிருக்கா அங்கிள். இப்போதைக்கு அதுல குடை தொங்குது."

இர்விங்கில் ஒரு பெஞ்ச்

ஒரு தடவை டெக்சாஸில் முகாம் போட்டார்கள். இர்விங்கில், லாஸ் கொலினாஸ் ஆபீஸ்களுக்குப் பக்கத்து அபார்ட்மென்ட் ஒன்றில் அணியைத் தங்கவைத்தார்கள். அங்கே பொது லாண்டரி அறை. நான் எல்லா மெஷினிலும் சேற்று ஜெர்சியைப் போட்டு ஓடவிட்டு, ராணுவத் தளபதி மாதிரி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். துணிக்கூடையோடு வந்த இளைஞன் என் மீசையைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டான். திருச்சிக்காரன், சாப்ட்வேர்.

மெஷின் காலியாகும்வரை அவனுக்கு ஆட்டத்தையும் அநியாயத்தையும் விளக்கினேன். பந்தைப் பின்னால்தான் எறியலாம், ஆனால் முன்னால்தான் போக வேண்டும் என்றபோது அவன் சந்தேகமே கேட்கவில்லை. விலி உட்கார்ந்திருப்பதைச் சொன்னபோதுதான் கூடையைக் கீழே வைத்தான். அவனைக் கூட்டிவந்த கன்சல்டிங் கம்பெனி புராஜெக்ட் கிடைக்கும்வரை சும்மா உட்காரவைத்திருந்ததாம். "நானும் பெஞ்ச்லதான் இருக்கேன் அங்கிள். அவருக்காவது ஜெர்சி குடுத்து உக்கார வச்சிருக்காங்க."

துண்டறிக்கை

சன்னிவேல் திரும்பியதும் எழுதிவிட்டேன். கோரிக்கை ஒன்றே ஒன்று: விலிக்குக் களம். அடுத்த முகாமில் மடித்த ஒவ்வொரு ஜெர்சிக்குள்ளும் ஒரு பிரதி வைத்தேன். பயிற்சியாளர் வேல்ஸ் நாட்டுக்காரர், அதிகம் பேசாதவர். ஒன்றை எடுத்துப் படித்தார், மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். நிர்வாகத்தின் மௌனம் எனக்குப் பழக்கம்தான்.

டாமிதான் நேரே வந்தான். எங்கள் அகராதியில் இவனைப் போன்றவனுக்குக் கருங்காலி என்று பெயர். அதை அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு ஆசை. அவன் முந்திக்கொண்டான். அந்த இங்கிலாந்து கிளப்பில் வருடா வருடம்தான் ஒப்பந்தம், கழுத்தில் ஒரு நரம்பு பிசகினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், தனக்காகப் பேச அங்கே ஆள் கிடையாது என்றான். கேட்கக் கேட்க எனக்கு அம்பத்தூர் கான்ட்ராக்ட் ஷெட் ஞாபகம் வந்தது. போகும்போது காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். "நல்லா எழுதுறீங்க அங்கிள். அடுத்த தடவை என் கழுத்துக்கும் ஒரு வரி சேருங்க."

இரண்டு டீம்

மேட்ச் முடிந்ததும் உள்ளூர் அணி, வந்த அணியைச் சாப்பிடவைத்து அனுப்புவது பழைய வழக்கம். ஆட்டத்தில் மூக்கை உடைத்தவனும் உடைபட்டவனும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். நான் வந்த காலத்தில் அந்த விருந்து ஸ்பான்சர்களுக்கு என்று ஆகிவிட்டது. ஆடியவர்கள் பஸ்ஸில் ஏறும்போது ஆளுக்கொரு சாண்ட்விச் பெட்டி.

எல் கமினோவில் சாகுல் பாய்க்கு ஓட்டல் இருந்தது. கீழக்கரைக்காரர். அரசியலில் என்னோடு ஒத்துப்போனதே இல்லை, ஆனால் பட்டினி என்றால் கட்சி பார்க்க மாட்டார். இரண்டு டீமுக்குச் சாப்பாடு என்றேன், சரி என்றார். அவர் மனசில் இருந்தது கிரிக்கெட் டீம். பதினோரு பேர், அதிலும் பாதி ஒல்லி. சாயங்காலம் கதவை அடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே வரவர, பாய் கல்லாவைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். பிரியாணி போன வேகத்தில் வெங்காயப் பச்சடிகூட மிஞ்சவில்லை. என் காதருகே வந்தார்: "தோழர், ரெண்டு டீமுன்னு சொன்னிய. ரெண்டு கல்யாணம்னு சொல்லியிருந்தா இன்னொரு தேக்சா ஏத்தியிருப்பேன்ல?"

விதிப்படி வேலை

விமான நிலையத்தில் இனி விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதுதான் கடைசி மேட்ச் என்று விலி எங்களிடம் சொன்னான். பே ஏரியாவில், தூறல் விழுந்த ஒரு மதியம். இரண்டாம் பாதியில் நாங்கள் கொஞ்சமே கொஞ்சம் முன்னால் இருந்தோம். அப்போது டாமியின் புருவம் கிழிந்தது. இந்த ஆட்டத்தில் ரத்தம் வந்தால் உடனே வெளியே வர வேண்டும். ரத்தம் பட்ட ஜெர்சியோடு திரும்பப் போகவும் கூடாது. பந்து ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவர் குறைவாகவே சமாளித்தார்கள். டாக்டர் கைதேர்ந்தவர், சடசடவென்று ஒட்டிவிட்டார். அடுத்த விசிலுக்குள் டாமி தயாரானால் விலி எழுந்திருக்கத் தேவையில்லை. தயாராகாவிட்டால், ஸ்க்ரம் என்று வந்தால், முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவனைத்தான் அனுப்ப முடியும். பெஞ்சில் அந்தப் பக்கத்துக்கு இருந்தவன் விலி ஒருவன்தான். பாக்கி இருந்தது மாற்று ஜெர்சி. அது என் கையில் இருந்தது.

தோழர்களே, வேலைநிறுத்தம் எவனும் செய்யலாம். விதிப்படி வேலை செய்வதற்குத்தான் படிப்பு வேண்டும். எங்கள் லாண்டரி கான்ட்ராக்டில் ஒரு விதி உண்டு, ஜெர்சியைக் கொடுக்கும் முன் தையல் முழுவதையும் சரிபார்க்க வேண்டும் என்று. யாரும் மதித்ததில்லை. நான் மதித்தேன். கழுத்துத் தையல், தோள் தையல், பக்கத் தையல். பயிற்சியாளர் என் பெயரைச் சொல்லி ஒரு முறை கத்தினார். பணிவாகத் தலையாட்டிவிட்டு டாமியின் தலைவழியாக ஜெர்சியை இறக்கினேன். தோளில் நின்றது. இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டிய சட்டை, நான் ஒரு ஆள். கழுத்து ஓட்டை வழியாக அவனுடைய ஒரு கண் தெரிந்தது. அது பெஞ்சைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. அடுத்த நொடி அந்தச் சம்பளக்காரன் இரண்டு முழங்கையையும் காற்றாடி மாதிரி அகல விரித்துவிட்டான். விசில் ஊதியது. ஸ்க்ரம். விலி எழுந்து, மேல்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். துணிக்குள்ளிருந்து டாமி மெதுவாகச் சொன்னான்: "இழுக்காதீங்க அங்கிள். உள்ள நல்லாத்தான் இருக்கு."

சாட்சிகள்

முட்டி நின்ற ஸ்க்ரம் ஒரு அடிகூடப் பின்னால் நகரவில்லை. முன்னால்தான் போனது. அது முடிந்ததும் டாமியின் ஜெர்சி தானாகவே இடுப்புவரை இறங்கியது, அவன் உள்ளே போனான், விலி வெளியே வந்தான். பதினேழாம் எண்ணில் முதல்முறையாகச் சேறு. நான் அதைத் துவைப்பதற்கு அவசரப்படவில்லை.

தற்காலிகமாக உள்ளே போனவர் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தொப்பி தபாலில் வரும் என்று நிர்வாகத்தில் ஒருவர் சொல்லிவிட்டு ஸ்பான்சர் விருந்துக்குப் போனார். நாங்கள் பாய் ஓட்டலுக்குப் போனோம், இரண்டு அணியும். இந்த முறை தேக்சாவும் இரண்டு. பயிற்சியாளரும் விருந்தைவிட்டு வந்திருந்தார். நேரே என்னிடம் வந்தார். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன். அவர் பையிலிருந்து என் துண்டறிக்கையை எடுத்தார். "எங்கப்பா நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்த்தவர். விதிப்படி வேலைன்னா எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? இந்தப் பேரை நீங்களே படிங்க."

தொப்பி இல்லாமல் எப்படி என்று யாரோ கேட்டார்கள். தொழுகைக்கு வருகிறவர்களுக்காகக் கல்லாவில் வைத்திருந்த புது வெள்ளைத் தொப்பியைப் பாய் எடுத்துவந்தார். விலி குனிந்து வாங்கிக்கொண்டான். அந்தத் தலையில் அது உச்சியில் மட்டும் உட்கார்ந்தது, யாரும் சிரிக்கவில்லை. முதலில் வீட்டுக்கு போன் போட்டு, போனை மேஜைமேல் வைத்தான், அவளுக்கும் கேட்கட்டும் என்று. "குடையை எடுத்து வேற எங்கயாவது வை. பேசாம கேளு."

நான் நாற்காலிமேல் ஏறினேன். வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கு வெளியே நின்று வேலையைவிட்டுத் தூக்கப்பட்டவர்களின் பெயர்களையே படித்துப் பழகிய இந்தத் தொண்டைக்கு, உள்ளே விடப்பட்ட ஒருவனின் பெயரைப் படிக்கும் வாய்ப்பு அமெரிக்காவில், ஒரு பிரியாணிக் கடையில்தான் கிடைத்தது: "விலியாமி தௌஹிவா!"