விற்க மறுத்த துப்பாக்கிகள்

விற்பதற்கென்று கடை திறந்து, வருகிறவர்களில் பாதிப் பேரிடம் விற்க மாட்டேன் என்று சொல்லியே காலம் தள்ளுகிற தொழில் துப்பாக்கி வியாபாரம். தொண்ணூறுகளில் கோயம்புத்தூர் உக்கடத்துக்குப் பக்கத்தில் எனக்கு அப்படியொரு கடை இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் நின்று "முடியாதுங்க" சொல்லித் தொண்டை வறண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். லைசென்ஸ் இல்லாத கைக்கு ஒரு தோட்டா போனாலும் கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பயமும் உண்டு, வீம்பும் உண்டு.

சீர்வரிசை

ஒரு மில் முதலாளி தாம்பூலத் தட்டோடு வந்தார். புது மாப்பிள்ளைக்குச் சீராக ஒரு ரிவால்வர் வைத்துக் கொடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளை பேரில் லைசென்ஸ் வேண்டும் என்றேன். தன்னுடைய லைசென்ஸிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அப்படியானால் அது உங்கள் இடுப்பில்தான் இருக்க வேண்டும், மாப்பிள்ளை தொடக்கூடாது என்றேன். தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"பொண்ணையே ஒரு காயிதமும் கேக்காம குடுத்துப்போட்டனுங்க, இந்த இரும்புக்கு எதுக்குங்க இத்தன காயிதம்?"

ராமாத்தாள்

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் கடலை போட்டிருந்தவர் ராமாத்தாள். அவர் கணவர் என்னிடம்தான் ஒற்றைக்குழல் துப்பாக்கி வாங்கியிருந்தார். அவர் இறந்ததும் சட்டப்படி அது என் கடைக்கே திரும்பி வந்துவிட்டது. இப்போது காட்டுப்பன்றி வெள்ளாமையைக் கிளறிப்போட்டுப் போகிறது. பொம்பளையால் காவல் காக்க முடியாது, தோட்டத்தை விடு என்று கொழுந்தனார் நெருக்குகிறார். துப்பாக்கியைக் கொடுங்கள் என்று வந்து நின்றார். உங்கள் பேரில் லைசென்ஸ் வந்தால்தான் தருவேன் என்றேன். சொல்லும்போது எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

அவர் அழவில்லை. "செரீங்கண்ணா, எந்தெந்த ஆபீசுக்குப் போகோணும்னு எழுதிக் குடுங்க, நானே அலையறேன்."

அஷ்டமி

லைசென்ஸ் கிடைத்தாலும், இன்ன தேதிக்குள் துப்பாக்கி வாங்கியாக வேண்டும் என்று ஒரு கெடு போட்டிருப்பார்கள். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் ஆடி கழியட்டும், பௌர்ணமி வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போய்க் கடைசி நாளில் வந்தார். பில் எழுதப் போனேன். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அஷ்டமி, நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டார். நாளைக்கு வந்தால் தர மாட்டேன், கலெக்டர் ஆபீசில் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும் என்று கெஞ்சினேன். விற்கிறவன் கெஞ்சிய கூத்து அன்றைக்குத்தான்.

"கலெக்டருகிட்ட இன்னொரு தேதி வாங்கிக்கலாமுங்க, அஷ்டமியத் தள்ளி வெக்க யாருகிட்டப் போறதுங்க?"

விசாரணை

ராமாத்தாளின் மனு தாலுகா ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் மாறி மாறிப் போனது. கொழுந்தனார் பேரில் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒரு கிளார்க் யோசனை சொன்னாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. பெண்ணுக்குக் கிடையாது என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டச் சொல்லுங்கள் என்று என் சட்டப் புத்தகத்தையே கொடுத்தனுப்பினேன். அடுத்த முறை கொஞ்சம் தெம்பாக வந்தார்.

"சுடத் தெரியுமான்னு கேட்டாங்கண்ணா. பன்னி சத்தத்துக்கே ஓடீரும், சத்தம் போட எனக்கு நல்லாத் தெரியுமுங்கன்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

ஒப்படைப்பு

எட்டு மாதம் அலைந்து லைசென்ஸோடு வந்தார். அதில் அவர் பேர், போட்டோ, தோட்டத்தின் சர்வே நம்பர், கீழே கலெக்டர் முத்திரை. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, நம்பர் சரிபார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். எடுத்துக்குங்க அம்மணி என்றேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. அவரோ துப்பாக்கியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் லைசென்ஸை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார்.

"அதக் கட்டி வைங்கண்ணா, இதுக்கு மொதல்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாரேன். பன்னிக்குத் துப்பாக்கி, கொழுந்தனாருக்கு ஜெராக்ஸ்."

அத்தனை வருட வியாபாரத்தில், குறி தப்பவே தப்பாது என்று நான் உத்தரவாதம் கொடுக்கக்கூடிய சரக்கு அந்த ஜெராக்ஸ் ஒன்றுதான்.