படலுக்கு வெளியே நின்றவர்

கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வேலை பார்க்கிறேன். ஆம்புலன்ஸ் கேட்டு வரும் போன்களை எடுப்பதுதான் என் வேலை. காதில் ஹெட்செட், முன்னால் இரண்டு திரைகள். ஒன்றில் வரைபடம் இருக்கும், மற்றதில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியும். ஜன்னலுக்கு வெளியே கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். விமானம் தாழப் பறந்து போகும்போது மட்டும் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் கால் சென்டர் என்று சொல்லி முடித்துவிடுவேன். விவரம் சொன்னால் பயமாக இருக்காதா என்று கேட்பார்கள். பயப்பட எங்கே நேரம்? எனக்குக் கோபம்தான் வரும்.

கோபம், எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை மேல். நானும் இந்தக் கொங்கு மண்ணில் பிறந்தவள்தான். எங்கள் வீட்டில் நாயைத் தவிர எல்லோருக்கும் 'ங்க' உண்டு. அதற்காக உயிர் போகிற நேரத்திலுமா? வேறு பக்கத்திலிருந்து அழைப்பவர்கள் எடுத்தவுடன் அலறுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள், வேலையாக இருக்கிறீர்களா, அப்புறம் கூப்பிடட்டுமா என்று ஆரம்பிப்பார்கள். ஆம்புலன்ஸ் அறையில் உட்கார்ந்துகொண்டு நான் வேறென்ன பூவா தொடுத்துக்கொண்டிருப்பேன்? காலில் கடப்பாரை இறங்கிய ஒருவர், அதைச் சொல்வதற்கு முன்னால் கோயமுத்தூரில் மழை எப்படி என்று என்னிடம் விசாரித்திருக்கிறார்.

வால்பாறைப் பக்கம் இன்னும் மோசம். அங்கே தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்கு அருகில் யானை வந்துவிட்டால் எல்லோருடைய போனுக்கும் செய்தி போகும், கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். பஸ்ஸை விட்டு இறங்குபவர்கள் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் வரிசையாய்க் கட்டிய லைன் வீடுகளுக்கு நடப்பார்கள். அங்கிருந்து ஒருமுறை பிரசவத்துக்கு வண்டி கேட்டவர், பெரியவர் ரோட்டில் நிற்கிறார், அவர் போன பிறகு வண்டி வந்தால் போதும் என்றார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் என் சக ஊழியர் திருநெல்வேலிக்காரர், அவரும் அந்த அழைப்பில் இருந்தார். அந்தப் பெரியவரை ஓரமாக நிற்கச் சொல்லுங்கள் என்று அவர் கத்த, நான் அவசரமாக அவர் காதில் அது யானை என்று சொன்னேன். காட்டு யானைக்கே இந்த மரியாதை என்றால் ஆம்புலன்ஸ்காரிக்குக் கேட்கவா வேண்டும்.

ஆகவே எங்கள் பக்கத்து அழைப்பை எடுத்தால் சொல்லை நம்பக் கூடாது என்று எனக்கு நானே ஒரு பாடம் வைத்திருக்கிறேன். "கொஞ்சம் சிரமமா இருக்குதுங்க" என்றால் ஆள் மயக்கத்தில் இருக்கிறார். "அவசரம் ஒண்ணுமில்லீங்க" என்றால் உடனே வண்டியைக் கிளப்பிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவேன். திருநெல்வேலிக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தவர்தான். இப்போது அவரும் அப்படித்தான் செய்கிறார்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து நாங்கள் உட்கார்ந்த நேரம். தாராபுரத்துக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா பேசினார். ஐம்பதைத் தாண்டிய குரல். வழக்கம்போல என் வேலையைக் கெடுப்பதற்காக வருத்தப்பட்டுவிட்டு, தன் வீட்டுக்காரர் சாப்பிட்டுப் படுத்தார், எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, இதற்கெல்லாம் உங்களைக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை என்றார். மூச்சு விடுகிறாரா என்று கேட்டேன்.

"கொரட்டை உடறாருங்க அம்மணி. எப்பவாச்சும் ஒண்ணு வருதுங்க. அப்புறம் பொட்டாட்ட இருக்காருங்க."

எப்பவாச்சும் ஒன்று, நடுவில் சத்தமே இல்லை. அது தூங்குகிறவரின் குறட்டை இல்லை. இதயம் நின்ற பிறகு உடம்பு காற்றுக்குத் தவிக்கும் சத்தம். பயிற்சியில் அதைப் பதிவு செய்து போட்டுக் காட்டியிருக்கிறார்கள், ஒரு முறை கேட்டால் மறக்காது. நான் கையைத் தூக்கினேன். திருநெல்வேலிக்காரர் என் அழைப்பில் இணைந்து, தோட்டத்துக்கு வழி கேட்டு, தாராபுரத்தில் நின்ற வண்டியை அனுப்பினார். வாய்க்கால் பாலம், அதற்கப்புறம் தண்ணீர்த் தொட்டி, அதற்கப்புறம் தென்னந்தோப்புக்குள் மண்பாதை. வண்டி எப்படிப் பறந்தாலும் உடனே போய்ச் சேரும் இடம் இல்லை. அது வரும் வரை அந்த மனிதரின் ரத்தத்தை மூளைக்கு அனுப்ப அந்த அம்மாவின் இரண்டு கைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொன்னேன். கட்டிலிலிருந்து அவரைத் தரைக்கு இறக்கச் சொன்னேன். எப்படி இறக்கினாரோ தெரியாது, இழுபடும் சத்தமும் அந்த அம்மா முனகுவதும் கேட்டன. நடு நெஞ்சில் ஒரு கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மற்ற கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும் என்றேன்.

"வலிக்குமேங்க அவருக்கு."

"வலிச்சா நல்லதுங்கம்மா. அழுத்துங்க. நான் எண்ணறேன், எங்கூடவே எண்ணுங்க."

அவர் எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணுங்க, ரெண்டுங்க, மூணுங்க" என்று எண்ணினார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒவ்வொரு எண்ணோடும் தரையில் ஒரு மொத்து விழும் சத்தம் கேட்டது, சரியான வேகத்தில், ஒன்றுகூடத் தப்பாமல். பள்ளிக்கூடம் எத்தனை வருடம் போனவரோ, நெஞ்சை அழுத்துவது என்றால் என்ன என்று ஐந்து நிமிடத்துக்கு முன் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே சந்தேகம். நடுநடுவே, "பொறுத்துக்குங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே அழுத்தினார். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு எண்ணியிருக்கிறேன். பாதியில் போனைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த அம்மாவின் கைகள் நிற்கவில்லை.

கைகள் நிற்கவில்லை என்றாலும் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எண்ணிக்கைக்கு நடுவே இடைவெளி விழுந்தது. சத்தமும் மெலிந்துகொண்டே வந்தது. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், மாற்றி மாற்றிச் செய்தால்தான் தாங்கும். அக்கம்பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஏற்கெனவே கேட்டிருந்தேன். ஒருவரும் இல்லை என்று சொல்லியிருந்தார். வண்டி இன்னும் வாய்க்கால் பாலத்தைக்கூடத் தொடவில்லை.

அப்போது நாய் குரைத்தது. குரைத்த தோரணையிலேயே தெரிந்துவிட்டது, யாரோ வந்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஓர் ஆண் குரல், "ஏனுங்க" என்றது. பிறகு, "என்னாச்சுங்க அங்க?" என்றது. குரல் நெருங்கி வரவில்லை. யாரம்மா அது, உள்ளே வரச் சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மா எண்ணிக்கொண்டே இருந்தார். நான் மறுபடி கேட்டேன், கொஞ்சம் கடுமையாகவே.

"பக்கத்துத் தோட்டத்துக்காரருங்க. எங்க கொழுந்தன் முறை. படலுக்கு அக்கட்டால நிக்கறாரு. அவரு உள்ள வரமாட்டாருங்க."

படல் என்பது தோட்டத்து வேலிக்கு வைக்கும் முள் கதவு. ஒரு கை வைத்துத் தள்ளினால் திறந்துகொள்ளும். அந்த மனிதர் அதற்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே ஒரு பெண் உயிரைக் கொடுத்து எண்ணும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, என்னாச்சுங்க என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கூப்பிடுங்கம்மா என்றேன்.

"நான் எப்படிங்க கூப்படறது. எங்கூட்டுக்காரருக்குப் புடிக்காதுங்க."

இதயமே நின்று கிடக்கிற மனிதரின் கோபத்துக்கு இந்த அம்மா இன்னும் பயப்படுகிறார். பயம்கூட இல்லை, அவர் நினைவு தப்பிக் கிடக்கும் நேரத்தில் அவர் வார்த்தையை மீறக் கூடாது என்கிற நேர்மை. அந்த நேர்மை அவரைக் கொல்லப் போகிறது. படலுக்கு வெளியே நிற்கிறவரும் ஈவிரக்கம் இல்லாதவர் இல்லை. அப்படிப்பட்டவராக இருந்தால் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கமாட்டார். கூப்பிடாத வீட்டுக்குள் காலை வைக்க அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் இந்த ஊர்க்காரி. எனக்கு இரண்டு பேரும் புரிந்தார்கள். புரிந்ததால்தான் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

நாங்கள் அழைப்பில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் வாசகங்கள் கொடுத்திருக்கிறார்கள். அப்போது நான் சொன்னது அதில் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"வாங்க! உள்ள வாங்க! வெசையா வாங்க!"

மூன்றாவது மாடியில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. தாராபுரத்துத் தோட்டத்தில், தரையில் கிடந்த ஒரு போனிலிருந்து, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் குரல் அந்த வீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டது. அது போதுமாக இருந்தது. படல் தள்ளப்படும் சத்தமும் நாய் குரைத்துக்கொண்டே பின்னால் ஓடி வரும் சத்தமும் கேட்டன. யார் கூப்பிட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு 'வாங்க' வந்தது, அவர் வந்துவிட்டார்.

உள்ளே வந்தவர் என்ன, ஏது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்கீங்க கையை வெக்கோணும்?" என்றார். "இங்கீங்க" என்றார் அந்த அம்மா. பிறகு கேட்டது வேறு ஒரு கையின் சத்தம். மண்வெட்டி பிடித்த கை. அழுத்தின வேகத்தில் எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. நான் எண்ண, அவர் அழுத்த, அவர் களைத்தால் அந்த அம்மா, அந்த அம்மா களைத்தால் அவர். இரண்டு பேருக்கும் இடையே ஒரு பேச்சு இல்லை. "உடுங்க, நான் பாக்கறேன்" என்பது மட்டும்தான். போனின் அந்தப் பக்கம் நடந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றாலும் கும்பிடத் தோன்றியது. கோயிலில்கூட எனக்கு அப்படி எப்போதாவதுதான் தோன்றும்.

வண்டி வந்து சேர்ந்தது. எங்கள் ஆட்களின் குரல், நெஞ்சுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியைத் திறக்கும் சத்தம், எல்லோரும் தள்ளி நில்லுங்கள் என்ற அதட்டல், பிறகு ஒரு முழு அமைதி. நாய்கூடக் குரைக்கவில்லை. யாரோ, பல்ஸ் இருக்கு என்று சொன்னார்கள். போனை யாரும் அணைக்கவில்லை. அந்த அம்மா அழுவதை நான் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அடுத்த அழைப்பு காத்திருந்ததால் துண்டித்தேன்.

எங்கள் வேலையில் அதோடு சரி. வண்டியில் ஏறியவர் பிழைத்தாரா என்று எங்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆரம்பித்தால் வேலை ஓடாது. ஆனால் இவரை மட்டும் நான் மனதில் இருந்து இறக்கி வைக்க முடியாமல் திரிந்தேன்.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மா ஆபீஸ் எண்ணில் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் எண்ணை வாங்கியிருக்கிறார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்காரர் வீடு திரும்பிவிட்டார் என்றார். விலா எலும்பு இரண்டு உடைந்திருக்கிறது, அதை உடைத்தது தானா கொழுந்தனா என்று ஊரில் பந்தயமே நடக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். அப்போதுதான் பழைய கதையையும் சொன்னார். கூட்டுக்கிணற்றுத் தண்ணீரில் முறை தப்பியதாக இரண்டு பங்காளிகளுக்கும் சண்டை. அந்தச் சூட்டில், மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்காரர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொழுந்தனை நேரில் போய் அழைக்காமல் விட்டுவிட்டார். அழைக்காத வீட்டுக்குள் எந்தப் பங்காளியும் கால் வைக்கமாட்டார். அதிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். இப்போது இரண்டு தோட்டத்துக்கும் கொழுந்தனே தண்ணீர் பாய்ச்சுகிறாராம்.

வீட்டுக்காரர் பேச வேண்டும் என்கிறார் என்று சொல்லிவிட்டு அவர் போனைக் கொடுத்தார். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அவர் வீட்டுக்கு, அவரைக் கேட்காமல், அவருக்கு ஆகாதவரைக் கூப்பிட்டவள் நான்.

"நீங்கதானுங்களா அவனை உள்ள கூப்பிட்டது?"

நான்தான், அப்போது வேறு வழி தெரியவில்லை என்றேன். அவர் மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, ஒழுங்காகப் போய் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அந்தச் சத்தத்துக்காகத்தான் நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாடு பட்டோம். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"அது நான் கூப்பிட்டிருக்கோணுங்க அம்மணி," என்றார். "நான் போயிக் கூப்பிட்டிருக்கோணும்."

சொல்லிவிட்டும் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.