பத்ரீஸ் இன்னாசியின் வம்சம்

ஐம்பத்தேழு வயது வரை சகாயநாதனுக்குத் தாத்தாவுக்கு மேல் ஆள் தேவைப்படவில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிய ஊர் அவருடையது. உப்பளத்தில் மேஸ்திரி வேலை. பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது, உப்பை எப்போது வாருவது, வேலைக்கு வந்தவர் யார், வராமலேயே வந்ததாகச் சொல்பவர் யார் என்று பார்த்துக்கொள்ள அப்பா, தாத்தா என்ற இரண்டு பேரே தாராளம். தாத்தாவின் அப்பா பெயர் அருளப்பன் என்று கேள்வி. அதற்கு மேல் வெறும் வானம்.

பொங்கல் கழிந்து மகள் ஜான்சிக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை சாலமன் ஆரோவில்லில் ஒரு பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். மாவு தானாகப் பொங்கட்டும் என்று காத்திருந்து பழகியவனுக்கு உரிய பொறுமை அவனுக்கு உண்டு. அவனிடம் குறையில்லை. குறையெல்லாம் அவன் அப்பா விக்டரிடம் மொத்தமாக இருந்தது. அதே ஊர், அடுத்த தெரு, சிமெண்டுக் கடை. தட்டு மாற்றிய கையோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர் ஆரம்பித்தார்.

"நம்ம கோயில் கீத்துக் கொட்டாயா இருந்துச்சு பாருங்க, அப்பலேர்ந்து எங்க ஆளுங்க முன்வரிசைதான். உங்க வம்சம் எங்கேர்ந்து வருது சம்பந்தி?"

"உப்பளத்துலேர்ந்து" என்றார் சகாயநாதன்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அன்று பிடித்தது முன்னோர் பசி. மற்றப் பசிகளைப் போல அது வயிற்றோடு நிற்காது. செல்போன் வரைக்கும் போகும். அந்தக் கடற்கரைப் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளை அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார்கள் எழுதி, ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டு போயிருந்தார்கள். இப்போது கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நூலகம் அவற்றைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்த பூட்டனைப் பார்க்கச் சகாயநாதன் பாதி உலகம் சுற்றிவர வேண்டியிருந்தது. கொட்டகை நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே சுற்றினார்.

மாசி மத்தியானத்தில் உப்பளம் பூமியில் இருப்பதில்லை. பாத்திகளில் வானம் இறங்கிப் படுத்திருக்கும். கொக்கு ஒன்று பறந்தால் கீழே இன்னொரு கொக்கு மல்லாந்து பறக்கும். தூரத்தில் வரப்பின் மேல் நடக்கிறவர்கள் தரையைத் தொடாமல் மிதந்து போவார்கள். அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில்தான் அருளப்பன் அகப்பட்டார்.

பதிவு முழுக்க லத்தீன். சகாயநாதனுக்கு லத்தீன் தெரியாது. அதையெல்லாம் ஒரு தடையாக எடுத்துக்கொள்கிற மனிதரும் அல்ல. ஆங்கில எழுத்து தெரியும், அது போதும். 'ஃபிலியுஸ்' என்றால் மகன் என்று ஏற்கெனவே துப்புத் துலக்கி வைத்திருந்தார். அருளப்பன், மகன், அடுத்து 'பத்ரீஸ்', அதற்கடுத்து 'இக்னாத்தி'. மங்கிய மசியில் வாலும் சுழியுமாக இருந்த அந்த எழுத்து ஏ தானா என்று சந்தேகப்பட அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. இக்னாத்தி என்றால் இஞ்ஞாசி. இஞ்ஞாசி என்றால் இன்னாசி. புதுச்சேரிப் பக்கம் தெருவுக்கு ஒரு பத்ரீஸ் உண்டு என்பது உலகறிந்தது. ஆகவே அருளப்பனின் தகப்பனார் திருவாளர் பத்ரீஸ் இன்னாசி. ஆராய்ச்சி முடிந்தது.

அன்றைக்கே அவர் வந்தும்விட்டார். போன் மார்பின் மேல் கிடக்க, சகாயநாதன் பாதி கண் மூடியிருந்தார். கடைசி வரப்பில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். முழங்காலுக்கு மேல் ஏறிய வேட்டி, தலையில் துண்டு, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடை. வெள்ளையோடு வெள்ளையாகக் கரைவார். மறுபடி இன்னும் தூரத்தில் முளைப்பார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, தூங்குறியா, வேலை வாங்குறியா?"

உப்பு வாரும் பலகையோடு கொளஞ்சி நின்றிருந்தாள். அவரிடம் வாய் கொடுக்கப் பயப்படாத ஒரே கூலிக்காரி.

"பேசிட்டு இருக்கேன் கொளஞ்சி."

"யாருகிட்ட?"

"எங்க ஓட்டன்கிட்ட. பூட்டனுக்கு அப்பா."

"அப்டியே அவரையும் நாளைக்கு வரச் சொல்லு. வார்றதுக்கு ஆளு பத்தல."

வீட்டில் வரவேற்பு இன்னும் மோசம். மனைவி ராசம்மாள் மீன் கழுவிக்கொண்டே காது கொடுத்தாள்.

"இந்த ஒரே பக்கத்துல, ஒரே வாரத்துல ஏழு புள்ளைங்க ராசம்மா. ஏழுக்கும் அப்பா நம்மாளுதான்!"

"இன்னாது, ஒரே வாரத்துலயா? அந்தாளுக்கு வேற ஜோலியே இல்லியா?"

"அடியே, சாமியாரு எப்பவாவதுதான் வருவாரு. சேத்து வெச்சு ஞானஸ்நானம் குடுத்திருப்பாங்க."

"அம்மா பேரு?"

"போடல."

"எப்பிடிப் போடுவாங்க? ஏழையும் பெத்தவ பேரு எவனுக்கு வேணும்?"

இந்த மாதிரி அற்பக் கேள்விகளுக்கெல்லாம் வம்சம் அசையாது. சகாயநாதன் நடையே மாறிவிட்டது. சட்டைக்குள் அடுத்தடுத்து ஐந்து தலைமுறை நடப்பதுபோல நிதானமாக நடந்தார். தெருவில் யாராவது "எங்க மேஸ்திரி போறீங்க?" என்றால், "போறோம்" என்று பன்மையில் பதில் வந்தது. கோயிலில் காணிக்கை கட்டி ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைத்தார். பங்குச் சாமியார், பாவம், நல்ல மனிதர். பீடத்தில் நின்று "பத்ரீஸ் இன்னாசியின் ஆன்மா இளைப்பாறும்படியாக" என்று உருக்கமாக வாசித்தார். முன்வரிசையில் விக்டரின் கழுத்து சிவந்தது.

மூன்றே நாளில் விக்டர் உப்பளத்துக்கே வந்துவிட்டார். புதுச் செருப்பில் உப்பு ஏறியதைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை.

"சம்பந்தி, எங்க பூட்டன் பேரு ராயப்பன். அவரையும் கொஞ்சம் பாருங்களேன்."

சகாயநாதன் பெருந்தன்மையோடு பார்த்தார். அதே வருடம், இரண்டு பக்கம் தள்ளி ராயப்பன் இருந்தார். தகப்பன் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்ததும் சகாயநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"சம்பந்தி! உங்களுக்கும் அவருதான்!"

"யாரு?"

"பத்ரீஸ் இன்னாசி! நாம ரெண்டு பேரும் ஒரே ரத்தம்!"

இரண்டு பேரும் உப்பு மேட்டின் நடுவே கட்டிக்கொண்டார்கள். விக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். ஒரே ரத்தம் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு தகப்பன்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது ஆனந்தம்மாளுக்கு. விக்டரின் அக்கா. எந்தப் பந்தியிலும் மணமக்கள் என்ன முறை என்று தெரியாமல் இலையில் கை வைக்காதவர். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். ஒருவரும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஈஸ்டர் கழிந்து முதல் ஓலை நல்லபடியாகப் போயிற்று. இரண்டாம் ஓலையில் சாமியார் வாசித்து முடித்துத் தாளை மடிக்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்குது சாமி."

"என்னம்மா இருக்கு?"

"தடை. ரெண்டு பேரும் பத்ரீஸ் இன்னாசி வம்சம். அப்போ பங்காளிங்க. பொண்ணு மாப்பிள்ளைக்குத் தங்கச்சி முறை ஆவுது."

சாலமன் தலையைக் குனிந்துகொண்டான். ஜான்சி மட்டும் குனியவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு லத்தீன் தேவையில்லை.

பூசை முடிந்ததும் இரண்டு குடும்பமும் சாமியார் வீட்டு வராந்தாவில் கூடின.

"அஞ்சாறு தலைமுறை ஆயிடுச்சும்மா" என்றார் சாமியார். "திருச்சபை சட்டப்படி இது தடையே இல்ல."

"சட்டம் ரோம்ல இருக்குது சாமி. கல்யாணம் இங்கதான நடக்குது? அண்ணன் தங்கச்சிக்கு மோதிரம் மாத்துனா ஊரு காறித் துப்பும்."

சாமியார் சகாயநாதனின் போனை வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு போனை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார், இறந்தவரின் உடைமையை உறவினரிடம் ஒப்படைப்பதுபோல.

"மேஸ்திரி, இது பேரு இல்லைங்க. 'பத்ரீஸ்'னா தகப்பனுடையன்னு அர்த்தம். அடுத்தது ஏ இல்ல, ஓ. இக்னோத்தி. அப்படின்னா தெரியாத. தகப்பன் யாருன்னு தெரியாத பிள்ளைன்னு எழுதியிருக்கு."



"ஏழு பேருக்குமா?" என்றார் சகாயநாதன்.

"ஏழு பேருக்கும். வருஷத்தைப் பாருங்க, தாது வருஷப் பஞ்சம். ரோட்டோரம் கெடந்த பிள்ளைங்களத் தூக்கிட்டு வந்து தண்ணி ஊத்திப் பேரு வெச்சிருக்காங்க. பெத்தவங்க யாருன்னு யாரைப் போய்க் கேக்கிறது?"

சகாயநாதன் திண்டாடிப் போனார். செத்தவருக்காக அழ ஊரில் முறை இருக்கிறது. இருந்தே இராத ஒருவர் திடீரென்று இல்லாமல் போனால் எப்படி அழுவது, எத்தனையாம் நாள் கறி சாப்பிடுவது என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

ராசம்மாள்தான் முதலில் தெளிந்தாள். "அப்போ ஒரே ஆளு இல்ல. தடை போச்சு. எழுந்திருங்க, போலாம்."

"உக்காரு ராசம்மா" என்றார் ஆனந்தம்மாள். "தகப்பன் தெரியலேன்னா தகப்பன் இல்லேன்னா அர்த்தம்? எவனோ ஒருத்தன் இருந்திருக்கான். அருளப்பனுக்கும் ராயப்பனுக்கும் அவன் ஒருத்தனாவே இருந்திருந்தா? ஒரே பஞ்சம், ஒரே ரோடு. இல்லேன்னு சொல்லுங்க சாமி."

சாமியார் பல வருடம் இறையியல் படித்தவர். கடவுள் இருக்கிறார் என்பதற்கு அவரிடம் ஐந்து நிரூபணங்கள் இருந்தன. இதற்கு ஒன்றுகூட இல்லை.

"தெரியாதும்மா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

மறுநாள் காலை ஜான்சி அப்பாவுக்குக் காபி கொடுத்தாள். டம்ளரை வைத்த சத்தத்திலேயே மீதி தெரிந்தது.

"ப்பா, நாலு வருஷமா நான் சாலமன்கிட்ட பேசிட்டு இருக்கேன். நிச்சயத்துல புதுசா பாக்குற மாதிரி ரெண்டு பேரும் நடிச்சோம். அந்தப் பையனை அண்ணன்னு கூப்பிடச் சொன்னா, நான் மூணாம் ஓலைக்குக் காத்திட்டு இருக்க மாட்டேன். போயிட்டே இருப்பேன்."

"நாலு வருஷமா? எனக்கெப்பிடித் தெரியாம போச்சு?"

"நீதான் பூட்டனைத் தேடிப் போன கப்பல்லேர்ந்து இன்னும் இறங்கலியே."

சகாயநாதன் காபியை அப்படியே வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போனார். இது சித்திரை. வெயில் பாத்திகளைக் கண்ணாடியாக இறுக்கியிருந்தது. கொட்டகையில் படுத்தார். இல்லாத ஆள் இனி வரமாட்டார் என்று நினைத்தார். அவரோ தாம் இல்லை என்பதே தெரியாதவர்போல வந்தார். அதே துண்டு, அதே கால் இழுப்பு. வரப்பு முடிகிற இடத்தில் கொஞ்சம் நின்றார், எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார், மறுபடி நடந்தார். சகாயநாதன் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார். கூப்பிடப் பெயர் இல்லை. கூடவே பார்வையால் கடல் வரைக்கும் நடந்தார்.

சாயங்காலம் நேராக விக்டர் வீட்டுக்குப் போனார். விக்டர் நாற்காலியில் இருந்தார். ஆனந்தம்மாள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, ரெண்டும் ஒரே ஆளு இல்ல" என்றார் சகாயநாதன்.

"எப்பிடிச் சொல்றீங்க?"

"எங்க ஆளை நான் பாத்திருக்கேன்."

"எங்க?"

"வரப்புல. மத்தியானத்துல."

விக்டர் எழுந்திருக்கப் பார்த்தார். ஆனந்தம்மாள் கையமர்த்தினார். இதுவரை யாரும் சாட்சி என்று ஒன்றைக் கொண்டுவரவில்லை. முறைப்படி விசாரிப்பதில் தவறில்லை.

"ஆளு எப்பிடி?"

"குள்ளம். இடது காலு கொஞ்சம் இழுக்கும். தலையில துண்டு."

"மூஞ்சி?"

"காட்ட மாட்டாரு. முன்னால பாத்தே போவாரு."

"இன்னாத்துக்கு அப்பிடிப் போறாரு?"

அதுவரை சகாயநாதனும் அதை யோசித்ததில்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

"புள்ளையத் தேடிட்டுப் போறாரு அக்கா. புள்ள பின்னால, ரோட்டுல, சாமியாரு கையில இருக்குது. அது அவருக்குத் தெரியல. இன்னும் முன்னாலயே பாத்துட்டுப் போறாரு."

முறுக்கு அச்சு எண்ணெய்க்கு மேலே அப்படியே நின்றது. சகாயநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். அடுப்புப் புகை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனந்தம்மாள் தம்பி பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, உன் ஆளு எப்பிடி?"

விக்டருக்குக் கனவு வருவதில்லை. படுத்தால் சிமெண்டு மூட்டை. மகன் வாசற்படியில் நிற்பதைப் பார்த்தார். தன் நாற்காலியைப் பார்த்தார்.

"எங்க ஆளு... உக்காந்திருக்காரு."

"எதுல?"

"நாற்காலில."

"பஞ்சத்துல ஏதுடா நாற்காலி?"

"கல்லு மேல! கல்லு மேலதான் உக்காந்திருக்காரு. அசைய மாட்டாரு. நல்ல உயரம்."

ஆனந்தம்மாள் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். நடக்கிறவரும் உட்கார்ந்திருக்கிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. குள்ளமும் உயரமும் ஒன்றாகாது. அவர் கையும் சாலமனைத் தூக்கி வளர்த்த கைதான். தடையைச் சொன்ன நாளிலிருந்து அதை இறக்கி வைக்க ஒரு மரியாதையான இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பிடின்னா வேற வேற ஆளுதான்" என்றார். "முறுக்கு எடுத்துக்குங்க சம்பந்தி."

ஞாயிற்றுக்கிழமை சாமியார் மூன்றாம் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று முடித்துவிட்டு, பெண்கள் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்தார். ஆனந்தம்மாள் எழுந்து நின்றிருந்தார். ஜான்சி ராசம்மாளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மூட்டு வலி சாமி" என்றார் ஆனந்தம்மாள். "நீங்க மேல படிங்க."