லா சப்பலில் முதுகு வைத்தியம்: நான் மொழிபெயர்த்த ஒரு ‘இல்லை’

பாரிஸ் போகும் வாசகர்கள் இருவர், முதுகுவலிக்கு அங்கே ஒஸ்தியோபத்திடம், அதாவது மருந்தில்லாமல் கையாலேயே எலும்பையும் தசையையும் சரிசெய்பவரிடம், போகலாமா, முதல் நாளில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. எண்பதுகளின் கடைசியில், பிப்ரவரி மாதம். பத்திரிகை வேலையாக மூன்று வாரம் போயிருந்தேன். புதுச்சேரியில் பிறந்தவன், பிரெஞ்சு வரும். அதனால்தான் மரியதாஸ் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

மரியதாஸ் இலங்கையில் மன்னார்க்காரர், வயது முப்பத்து நான்கு. பாரிஸ் புறநகரான சார்செலில், ஓர் அடுக்குமாடியில் நான் தங்கியிருந்த அறைக்கு அடுத்த அறை. ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார்; இருபது கிலோ அண்டாக்களைத் தூக்கவேண்டிய வேலை. ஒரு மாதமாக இடுப்பிலிருந்து இடது கால்வரை வலி இறங்கிக்கொண்டிருந்தது. குனிய முடியாதென்று தெரிந்தால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். அகதி மனுவுக்கும் இன்னும் முடிவு வரவில்லை.

காலை 9.20 ரயில். பாரிஸின் கார் து நோர் நிலையம் வரை பதினைந்து நிமிடம். இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி, ஊரில் தன்னை ராணுவ முகாமில் மூன்று நாள் வைத்திருந்ததையும் துப்பாக்கிப் பிடியால் நாரியில், அதாவது இடுப்பில், அடித்ததையும் சொன்னார்.

“மனுவில அது இல்லை, அண்ணை. பிடிச்சவை எண்டு எழுதினா, ஏன் விட்டவை எண்டு கேப்பினமாம். எழுதித் தந்தவர் அதை விட்டிட்டார். இனி வேறை எங்கையும் அதைச் சொன்னா, மனு பொய் எண்டிடுவினம்.”

நிலையத்திலிருந்து நடந்து எட்டு நிமிடம். லா சப்பலின் ரூ காய் தெருவில் தமிழ்க் கடைகள் திறந்துகொண்டிருந்தன. மழைத்தண்ணீரில் வாழைப்பழப் பெட்டிகள் நனைந்து கிடந்தன. அதற்குப் பின்தெருவில், இரண்டாவது மாடியில் வைத்தியரின் அறை. லிப்ட் இல்லை, நாற்பத்து நான்கு படிகள். முதுகு பிடித்தவர்கள் போன் செய்யும்போதே மாடி எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வைத்தியர் ஐம்பது வயதுப் பெண்மணி. அந்தக் காலத்தில் பிரெஞ்சுச் சட்டம் இந்த வைத்தியத்தைத் தனியாக ஏற்கவில்லை. பிசியோதெரபி உரிமத்தோடுதான் செய்துவந்தார். முதல் இருபத்தைந்து நிமிடம் பேச்சுதான். எப்போது வலிக்கிறது, இருமினால் வலிக்கிறதா, கால் மரக்கிறதா, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா. பதில்களை மஞ்சள் அட்டையில் எழுதினார். மரியதாஸின் கண் பேனாவை விட்டு அகலவில்லை.

“உவ எழுதுறது எங்கை போகும் எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். இந்த இழுப்பறைக்குள் இருக்கும், வேறெங்கும் போகாது என்றார்.

மரியதாஸ் சிரித்தார். “எங்கட பேப்பர் ஒண்டும் லாச்சிக்குள்ள நிண்டதில்லை.”

அடுத்த கேள்வி: எப்போதாவது விழுந்தாரா, அடிபட்டாரா?

“இல்லையெண்டு சொல்லுங்கோ, அண்ணை.”

பிறர் சொன்னதை மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே என் தொழில். ‘இல்லை’ என்று சுத்தமான பிரெஞ்சில் சொன்னேன்.

பிறகு உள்ளாடையோடு நிற்கச் சொன்னார். குனிதல், சாய்தல். மேசையில் படுக்கவைத்து ஒவ்வொரு காலாக உயர்த்தினார். கவிழ்த்துப்போட்டு முதுகெலும்பை விரலால் தடவிக்கொண்டே இறங்கியவர், கீழே ஓரிடத்தில் நிறுத்தினார். “இங்கே ஏதோ பழைய அடி இருக்கிறது. இன்னொரு தடவை கேளுங்கள்.”

மேசையில் முகம் புதைத்திருந்தவர் சொன்னார்: “அதேதான், அண்ணை.”

நானும் அதையே சொன்னேன். வைத்தியர் என்னைத்தான் பார்த்தார், மரியதாஸை அல்ல.

சட்டென்று திருப்பி ‘படக்’ என்று ஒலிக்கவைக்கும் முறையை அன்று அவர் தொடவில்லை. பதினைந்து நிமிடம் மெதுவாக நீட்டினார், மூச்சு விடச்சொல்லி அழுத்தினார். இடது பாதத்தில் வலு குறைந்திருக்கிறது, எக்ஸ்ரே எடுத்து டாக்டரைப் பார்க்காமல் இனித் தன்னிடம் வரவேண்டாம் என்று ஒரு கடிதம் தந்தார். இரண்டு நாள் உடம்பு வலிக்கும், பாரம் தூக்கக்கூடாது என்றார். கட்டணம் 180 பிராங்க்.

படி இறங்கும்போது மரியதாஸ் சொன்னார்: “எண்ணெயும் இல்லை, சத்தமும் இல்லை. இவ என்ன முறிவு வைத்தியர்?” கடிதத்தை நான்காக மடித்தார். “இஞ்சை பார்த்தியளோ, இன்னொரு பேப்பர்.”

திங்கட்கிழமை வேலைக்குப் போனார். புதன்கிழமை நான் ஊர் திரும்பினேன்.

நீங்கள் போவதானால் தளர்வான உடை போடுங்கள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கால் மரத்தாலோ பாதம் இழுத்தாலோ முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தக் கைகள் நிறையக் கண்டுபிடிக்கும், ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் வேலை செய்யும். துணைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று: மொழிபெயர்க்கும் முன் நோயாளியோடு ஐந்து நிமிடம் வெளியே போய்ப் பேசிவிட்டு வரலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். எனக்கு அது அன்று தோன்றவில்லை.

மே மாதம் மரியதாஸிடமிருந்து கடிதம் வந்தது. சமையலறையில் கால் மடங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. இடது பாதம் முழுதாகத் திரும்பாதாம். உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. கடைசி வரிகள் இவை:

“அடிபட்டனீங்களோ எண்டு அங்கையும் கேட்டவை. ஓம் எண்டு சொன்னன், அண்ணை. ஒருத்தரும் அதை எங்கையும் அனுப்பேல்லை.”