எரியப்போகிற மரத்துக்கு ஒரு டாக்டர்

தெருவில் எல்லோரும் அவரை மர டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு இல்லை, கேலிக்கு. மின்சார ஆலையில் போட்டு எரிப்பதற்கென்றே வளர்க்கும் மரங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"எரியப்போற கட்டைக்கு என்னய்யா வைத்தியம்?" என்று பக்கத்து வீட்டு டெய்லர் வாயைக் கிளறுவார்.

"புழு தின்னு தூளாக்கின மரத்தை அடுப்புல போட்டா புகைதான்யா மிஞ்சும்" என்று இவரும் மல்லுக்கு நிற்பார்.

வண்டுப் புழு மரத்துக்குள் புகுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பட்டையில் காதை ஒட்டினால் மட்டும் உள்ளே கறுக் கறுக்கென்று லேசாகக் கேட்கும். அந்த மரத்தை உடனே வெட்டியாக வேண்டும், விட்டால் வரிசையே போய்விடும். அந்தக் காதை நம்பித்தான் அவருடைய வேலை.

காது மந்தமாகிக்கொண்டு வந்ததைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒருநாள் தோட்டத்து மேனேஜரும் கூட வந்தார். ஒரு மரத்தில் பிரமாதமாகக் கறுக்கென்று கேட்டது.

"இதேதான் சார், வெட்டுங்க!"

வெட்டினார்கள். உள்ளே ஒரு துளைகூட இல்லை. மரத்தின் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு மேனேஜர்தான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்திருக்கிறார். எந்தப் புழுவும் அவ்வளவு சத்தமாகத் தின்னாது என்பது நல்ல காதுக்குத் தெரிந்திருக்கும்.

"இன்னொரு நல்ல மரம் விழுந்துச்சுன்னா நீங்க வீட்லயே இருந்துக்கலாம்" என்றார் மேனேஜர், வாயைத் துடைத்தபடி.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். மறுநாள் சாப்பாட்டுத் தூக்கோடு தோட்டத்துக்கே வந்துவிட்டாள். ஒவ்வொரு மரத்திலும் இவர் ஒரு பக்கம் காதை வைக்க, அவள் மறுபக்கம் வைத்தாள். ஒரு மரத்தில் சத்தம் கேட்டதும் அவருக்குக் கண்ணைக் காட்டினாள். வெட்டிப் பார்த்தால், கட்டைவிரல் தடிமனுக்குக் கொழுத்த புழு! அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாப்பிடும்போது அவர் காதோரம் கேட்டாள்: "எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"அடப்பாவி மனுஷா! நான் முணுமுணுன்னு திட்டும்போதெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களே. மனுஷன் திருந்திட்டார்னு எங்க அக்காகிட்ட எவ்வளவு பெருமையடிச்சேன்!"

"நீ ஏதோ ஆசையாப் பேசறேன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் வர்றேன்" என்று கத்திச் சொன்னாள்.

அது அவருக்கு நன்றாகக் கேட்டது. மரம் வெட்டுகிற ஆட்களுக்கும் கேட்டது. மேனேஜரிடம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.