எல்லோரும் கொடுத்த ஐந்து நட்சத்திரம்

என் வீட்டுக்காரர் செய்த கிரைண்டரைத் தேடுபொறியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் இருந்த காலத்தைத்தான் இப்போது நல்ல காலம் என்று நினைக்கிறேன். அப்போது அவர் சரவணம்பட்டிக்கு அப்பால் ஒரு ஷெட்டில் லேத் போட்டு, பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் செய்துகொண்டிருந்தார். அவர்கள் அனுப்பும் வார்ப்புகளைக் கடைந்து கொடுக்கும் வேலை. பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, ஆனால் லேத் சும்மா நின்ற நாளும் கிடையாது.

கிரைண்டர் அவருடைய ஆசை. சின்னக் குடும்பத்துக்கு, சின்னச் சமையலறைக்கு, மேடை மேல் அலமாரிக்கு அடியில் நுழைந்து உட்காரும்படி குட்டையாக ஒன்று செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தார். முதலில் செய்தது உயரமாக வந்துவிட்டது. அது எங்கள் வீட்டுக்கே வந்தது, இன்றும் அதில்தான் அரைக்கிறேன். அதைக் குட்டையாக்கி, பளபளவென்று மெருகேற்றி, அதைத்தான் விற்பனைக்கு விட்டார். நிஜமாகவே அழகாக இருந்தது. அவருடைய அக்கா பார்த்துவிட்டு, பொண்ணுக்குச் சீர் கொடுத்தால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

கடைக்காரர்கள் தொடவில்லை. பேர் தெரியாத சரக்கை வைத்தால் இடம்தான் அடைபடும் என்றார்கள். அந்தச் சமயம் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், அதில் நானும் வெளியே வந்தேன். சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து எரிச்சல் பட்டுக்கொண்டிருப்பதைவிட இவருக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்கலாம் என்று இறங்கினேன். கோயம்புத்தூரில் கிரைண்டர் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஊசி நல்ல ஊசி என்று நம்பினேன்.

வெப்சைட்டுக்கு ஈ காக்கை வரவில்லை. அப்போதுதான் ஸ்கீமாவைப் பற்றிப் படித்தேன். பக்கத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. தேடுபொறி மட்டும் படித்துக்கொள்ளும்படி, இது ஒரு பொருள், இது அதன் பெயர், இது விலை, இது வாங்கியவர்கள் கொடுத்த மதிப்பெண் என்று பிரித்துப் பிரித்து உள்ளே எழுதிவைப்பது. சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். பேர் வெட்டாவிட்டாலும் பாத்திரம் பாத்திரம்தான். ஆனால் விசேஷம் முடிந்து எல்லார் வீட்டுப் பாத்திரமும் ஒரே குவியலாகக் கிடக்கும்போது, பேர் உள்ளதுதான் ஒழுங்காக வீடு வந்து சேரும்.

எழுதி முடித்ததும் தேடலில் எங்கள் பெயருக்குக் கீழே விலை தெரிந்தது, படம் தெரிந்தது. சிலர் வந்து பார்த்தார்கள், சிலர் வாங்கவும் செய்தார்கள். ஆனால் பெரிய கம்பெனிகளின் பெயருக்குக் கீழே மஞ்சள் நட்சத்திரங்கள் வரிசையாக மின்னின. எங்களுக்கு இல்லை. கண் முதலில் அந்த மஞ்சளுக்குத்தான் போகிறது, என் கண்ணே போனது.

நட்சத்திரம் வர வேண்டுமென்றால் வாங்கியவர்கள் எங்கள் பக்கத்துக்கு வந்து மதிப்பெண் போட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் யார் போடுவார்கள்? இழவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் நேரில் போய் நிற்பார்கள், ஆனால் கம்ப்யூட்டரில் இரண்டு வரி எழுதச் சொன்னால் நழுவிவிடுவார்கள். அதனால் நானே போன் எடுத்தேன். வாங்கிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, கிரைண்டர் எப்படிங்க இருக்குது?"

"அதுக்கென்னங்க அம்மணி, நல்லா இருக்குதுங்க."

"அஞ்சு மார்க்குக்கு எத்தன போடலாமுங்க?"

"அஞ்சே போட்டுக்குங்க கண்ணு. நீங்க கூப்பிட்டுக் கேக்கறீங்க, நாங்க கொறச்சுப் போடறதுங்களா?"

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு அம்மா, குழந்தைகள் எத்தனை, மழை உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ஐந்துக்கு மேல் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். போனை வைக்கும்போதெல்லாம் மனசு குளிர்ந்திருக்கும். ஒருவர் விடாமல் எல்லோரும் ஐந்து. அவரவர் பெயரோடு அப்படியே பக்கத்தில் ஏற்றி, ஸ்கீமாவிலும் எழுதினேன்.

கொஞ்ச நாளில் எங்கள் பெயருக்குக் கீழே நட்சத்திரம் வந்தது. ஐந்தும் முழுசாக, ஓரம்கூடக் குறையாமல். அவரை ஷெட்டிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். கையில் இருந்த ஆயிலைத் துடைக்காமலே போனை வாங்கிப் பார்த்தார். "நம்மளதுங்களா அம்மணி?" என்று கேட்டார். சந்தோஷம் வந்தால் அவர் எனக்கும் மரியாதை போட்டுப் பேசுவார்.

அதற்குப் பிறகு வெப்சைட்டுக்குக் கூட்டம் வந்தது. ஆர்டர்கள் வந்தன. அவர் ஜாப் வொர்க்கைக் குறைத்தார், பிறகு விட்டே விட்டார். பம்பு கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பிக் கேட்டபோதும், "இனி நம்ம சாமானத்த மட்டும் செய்யலாமுன்னு இருக்கறனுங்க" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார். அந்த வேலை வேறொரு ஷெட்டுக்குப் போனது. உள்ளூரில் ஒருமுறை கை மாறிய ஜாப் வொர்க் திரும்புவது லேசில்லை. அது அவருக்கும் தெரியும். நட்சத்திரத்தை நம்பித்தான் அதை விட்டார். மோட்டாரையும் டிரம்மையும் கல்லையும் மொத்தமாக வரவழைத்து ஷெட்டை நிரப்பினார்.

பிறகு ஒரு காலையில் தேடுபொறியிலிருந்து எனக்கு மெயில் வந்தது. எங்கள் மதிப்பெண்கள் வாங்கியவர்கள் தாங்களாகக் கொடுத்தவை மாதிரித் தெரியவில்லை, ஆகவே இனி நட்சத்திரம் காட்ட மாட்டோம் என்பதுதான் அதன் சாரம். சரிசெய்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாமாம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நான் என்ன கதை கட்டியா எழுதினேன்? ஒவ்வொன்றும் ஒரு மனுஷர் வாயால் சொன்னது. ஒரே கையால் ஏற்றியதும், எல்லாமே ஐந்தாக இருந்ததும் மிஷின் கண்ணுக்குக் கள்ளத்தனமாகப் பட்டிருக்கிறது. எங்கள் ஜனங்களின் தன்மை அதற்கு எங்கே புரியப்போகிறது என்று திட்டினேன். திட்டி என்ன? மஞ்சள் போனது, அதோடு கூட்டமும் போனது. ஷெட்டில் செய்து வைத்தது நின்றது.

விண்ணப்பித்துப் பார்த்தேன், யார் எழுதினார்கள், எப்படி எழுதினார்கள் என்று கேள்வி மேல் கேள்வி வந்தது. மறுபடி எல்லோரையும் கூப்பிட்டேன். நீங்களே உங்கள் போனில் எழுத வேண்டும் என்று லிங்க் அனுப்பினேன். "எழுதிப்போடறனுங்க கண்ணு" என்றார்கள். எழுதவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "இன்னைக்கு எழுதிப்போடறனுங்க." எழுதவே இல்லை. கடைசியில் நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்கிவிடலாம் என்று அவிநாசிக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு ஸ்கூல் டீச்சர் எங்களிடம் வாங்கியிருந்தார். போனில் எல்லோரையும்விட வாய் நிறையப் பாராட்டியவர்.

வாங்க வாங்க என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். காபி போடப் போனவரோடு பேசிக்கொண்டே நானும் சமையலறைக்குப் போனேன். எங்கள் கிரைண்டர் மூலையில், பூப்போட்ட துணி போர்த்தி, மேலே பருப்பு டப்பாக்களைச் சுமந்துகொண்டு இருந்தது. மேடையில் வேறொரு கம்பெனி கிரைண்டர், அப்போதுதான் மாவு வழித்த ஈரத்தோடு. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பால் பொங்கி வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. மாவு சூடாயிருதுங்க. இட்லி கல்லு மாதிரி வருது. வாங்கின கொஞ்ச நாள்லயே நிறுத்திப்போட்டோமுங்க."

"போன்ல நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே?"

"ஆசயாக் கேட்டீங்க. ஊட்டுக்காரரு கையால செஞ்சதுன்னு வேற சொன்னீங்க. எப்படிங்க நான் கொற சொல்றது?"

காபி குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். சர்க்கரையே போடவில்லை அவர், பதற்றத்தில் மறந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கம் பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பிடிக்கவில்லை என்றால், யாராவது பிடிக்கவில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கோயிலில் பூக் கேட்டோம், சாமி உத்தரவு கொடுக்கவில்லை என்பார்கள். பெண் வீட்டுக்காரர்களும் சரிங்க என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஜாதகத்தை எடுப்பார்கள். பிறந்ததிலிருந்து அதற்கு நடுவில் வளர்ந்தவள் நான். பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் வேறு.

மறுநாள் வாங்கியவர்களை மறுபடி போனில் கூப்பிட்டு, கேள்வியை மாற்றிக் கேட்டேன். "ஏனுங்க, மாவு கொஞ்சம் சூடாகுதுங்களா?"

"ஆமாங்க கண்ணு, சூடாகுதுங்க. அதனாலென்னங்க."

இன்னொருவர். "ஆமாங்க. நாங்க சட்னிக்கு மட்டும் வெச்சுக்கிட்டோமுங்க." ஐந்துக்கு மேல் போடச் சொன்ன கோபி அம்மா, "அத அப்பவே எங்க கொழுந்தனார் ஊட்டுக்குக் குடுத்துப்போட்டனுங்க, அவுங்களும் பரண்ல போட்டுட்டாங்க" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியவில்லை. அந்த மிஷின் சொன்னதுதான் சரி. அந்த ஐந்துகளில் ஒன்றுகூட கிரைண்டருக்குக் கொடுத்ததில்லை.

அவரிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் மொட்டையாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு கிரைண்டரைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். குட்டையாக்கியபோது மோட்டாரும் டிரம்மும் நெருங்கிவிட்டன. மோட்டார் சூடு கல்லுக்கு ஏறுகிறது. எங்கள் வீட்டில் இருப்பதோ உயரமானது, அதில் இந்தச் சூடு இல்லை. அவர் ஷெட்டில் கைப்பிடி அரிசி போட்டுச் சோதிப்பார், கல் சூடாவதற்குள் அரைந்துவிடும். பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. வெகுநேரம் அதன் அடிப்பாகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல வாங்குனவங்க ஒருத்தரு சொல்லியிருந்தா, வார்ப்ப மாத்தியிருப்பனே அம்மணி. ஒரு வாரத்து வேல."

இப்போது மாற்றுவதென்றால் வார்ப்பு, டிரம் எல்லாமே புதிதாக வேண்டும். அதற்கு வழியில்லை. பம்பு கம்பெனிக்குப் போய்க் கேட்டார். அவர்களும் தன்மையானவர்கள்தான், "வேல வந்தாச் சொல்றமுங்க" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தமுறை எங்களுக்குப் புரிந்தது. இப்போது அவர் இன்னொருவர் ஷெட்டில், இன்னொருவர் லேத்தில், பழைய அதே வார்ப்புகளைக் கடைகிறார். காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து போகிறவரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அந்த வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் வெப்சைட்டை என்ன செய்வது என்று அவரிடம் கேட்டேன். "சரக்கு தீந்துபோச்சுன்னு போட்டுப்போடு," என்றார்.

"ஷெட்டு நெறைய இருக்குதுங்களே."

"சூடாகற சாமானத்தத் தெரிஞ்சே ஒருத்தருக்குக் குடுக்கச் சொல்றியா?"

ஸ்கீமாவில் இருப்பு இல்லை என்று எழுதினேன். நட்சத்திரத்தை மீட்க நான் அனுப்பிய விண்ணப்பத்துக்கு எத்தனையோ கேள்வி கேட்ட தேடுபொறிக்காரர்கள், இதற்கு ஒன்றும் கேட்கவில்லை. சீக்கிரமே எங்கள் பெயருக்குக் கீழே அது வந்துவிட்டது. ஷெட்டைத் திறந்தால் உள்ளே கால் வைக்க இடமில்லாமல் கிரைண்டர்கள் நிற்கின்றன.

போன வாரம் ஒரு பெண் போன் செய்தார். குரலைக் கேட்டால் புதிதாகக் கல்யாணம் ஆனவர் மாதிரி இருந்தது. படத்தில் பார்த்தாராம், ரொம்பப் பிடித்துவிட்டதாம், அவர்கள் சமையலறைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறதாம்.

"தீந்துபோச்சுன்னு காட்டுதுங்க அக்கா. மறுபடி எப்பங்க வரும்?"

வராது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வந்ததும் கூப்பிட்டுச் சொல்றனுங்க கண்ணு," என்றேன்.